கடைசியாகக் கை வைத்தது யார்?

நாராயணவனம் மலைத் தீக்காவல் படையின் வண்டிப் பணிமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்பேனர் பிடித்து, இன்று பணி நிறைவு பெறும் தலைமை மெக்கானிக் திருமதி சுமித்ரா அவர்களுக்கு, பணிமனைத் தோழர்களும் மலையேறும் காவலர்களும் மனமுவந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

முரண்டு பிடிக்கும் வண்டியையும் முகம் சுளிக்காமல் வசப்படுத்திய வித்தகரே! கரத்தில் கிரீஸ் படிந்தாலும் கையெழுத்தில் கறை படியவிடாத கண்ணியமே! எங்கள் அக்கா!

இது ஆந்திரம், ஆபீசுக் கடிதமெல்லாம் தெலுங்கில் போகட்டும். தங்களிடம் நாங்கள் திட்டு வாங்கியதெல்லாம் தமிழில்தானே? ஆகவே இம்மடலும் தமிழிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

பாராட்டு மடலில் பிழை பேசும் வழக்கம் எங்கும் இல்லை. ஆனால் போன வாரம் தாங்களே பணிமனை வாசலில் நின்று, "அந்த ரமணா விசயத்த எழுதலன்னா உங்க ஃப்ரேமு போட்ட மடலு எனக்கு வாணாம். நீங்களே மாட்டிக்கினு கும்பிடுங்க!" என்று சொல்லிவிட்டீர்கள். தங்கள் சொல்லைத் தட்டி இந்தப் பணிமனையில் யார் தப்பித்தார்? எழுதிவிட்டோம் அக்கா.

ஆறாண்டுகளுக்கு முன், சருகெல்லாம் பற்றிக்கொள்ளக் காத்திருந்த பங்குனி மாதம். தற்காலிகக் காவலராயிருந்த ரமணா, கரட்டுப் பாதைக்கென்றே செய்த டர்ட் பைக்கில் மலையேறிக்கொண்டிருந்தார். வரதய்யபாளையத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்டவர் அவர். இன்னும் மூன்றே மாதம் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். மேட்டில் வேகம் பிடித்து, இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குத் தூக்கினார். விழுந்தது போலத்தான் இருந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கியதும் கியர் கழன்றுகொள்ள, எஞ்சின் வீணே அலற, வண்டி பின்னோக்கி உருண்டு அவரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் சாய்ந்தது. கால் சுளுக்கியதோடு தப்பினார்.

கிளட்ச் பிடிக்காமல் கியரை உதைத்து வண்டியைக் கெடுத்தார் என்று மேலதிகாரியிடமிருந்து மெமோ வந்தது. மெக்கானிக் என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் வேலை என்றும் அதில் இருந்தது. தாங்கள் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினீர்கள். கிளட்ச் கேபிளைப் பார்த்தீர்கள், தளர்வு சரியாக இருந்தது. ஆயிலை இறக்கிப் பார்த்தீர்கள், இரும்புத் துகள் ஒன்றுமில்லை. பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கியர் லீவரைக் கையால் தூக்கினீர்கள், ஐந்து கியரும் சொன்னபடி விழுந்தன. 'வண்டியில் குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். அப்படி எழுதினால் குறை யார்மேல் போய் விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ரமணா நொண்டிக்கொண்டே பணிமனைக்கு வந்தார்.

"மெய்யாலுமே மூணாவது போட்டேன்க்கா. அதுவே நழுவிக்கிச்சி."

"ஐஞ்சு கியரும் விழுது, நானே பார்த்தேன். தூங்கிக்கினு ஓட்டிட்டு எங்கிட்ட கத சொல்றியா?"

அவருக்கு அழுகை முட்டியது. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்பதே அப்போது அவர் மனத்தில் ஓடியது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. கால் பூட்ஸைக் கழற்றித் தங்கள் முன்னால் வைத்தார்.

"கையால போட்டா விழும்க்கா. இத்த மாட்டிக்கினு ஒருவாட்டி மேட்டுல ஏத்திப் பாரு. அப்புறமும் என் தப்புன்னா நானே வேலைய வுட்டுட்டுப் போயிட்றேன்."

வேறொருவராயிருந்தால் விரட்டியிருப்பார். தாங்களோ வளைந்த ஹேண்டிலை நிமிர்த்தி, சுடிதார்மேல் காக்கிக் கோட்டோடு, இரண்டு சைஸ் பெரிய பூட்ஸில் தொபுக் தொபுக்கென்று நடந்து போய் வண்டியில் ஏறினீர்கள். நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்! மேட்டில் எஞ்சின் அலறியது. மறுமுறையும் அலறியது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இறங்கி வந்து லீவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டீர்கள். எஞ்சின் மூடியில் துவரம்பருப்பு அளவுக்குப் பெயிண்ட் உரிந்து பளபளத்தது. இரண்டு வாரத்துக்கு முன் உடைந்த லீவருக்குப் பதில், சரியான உருப்படி வராததால், வேறு மாடல் லீவரைத் தாங்களே மாட்டியிருந்தீர்கள். தூக்கும்போது அதன் வளைவு மூடியில் இடித்து, பாதியிலேயே நின்றது. கையால் நிதானமாகத் தூக்கினால் கியர் எப்படியோ விழுந்துவிடும். பூட்ஸ் காலால் மேட்டில் அவசரமாகத் தூக்கினால் அரைகுறையாகப் பிடித்து, இழுவை வந்ததும் நழுவிவிடும்.

ரமணா தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லீவரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அறிக்கை ஏற்கெனவே போய்விட்டது. அவர் பயந்ததும் அதற்குத்தான். தாங்கள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ரமணா, ஒரு பேப்பர் கொண்டா" என்றீர்கள். 'முதல் அறிக்கை தவறு. ஓட்டியவர்மேல் குற்றமில்லை. வண்டியில் கடைசியாகக் கை வைத்தது நான்' என்று எழுதி, அன்றே தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். தங்கள் பதவி உயர்வு இரண்டாண்டு தள்ளிப்போனது. ரமணாவின் வேலை ஜூலையில் நிரந்தரமானது.

அன்றுமுதல் பணிமனைச் சுவரில் தங்கள் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கியர் தகராறு என்று வண்டி வந்தால் லீவரைப் பார், கேபிளைப் பார், செயினைப் பார், ஆயிலைப் பார், ஓட்டியவரின் செருப்பையும் பார், அப்புறம்தான் கியர்பாக்ஸைத் திற என்று அது சொல்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் முதல் வரி: 'கடைசியாகக் கை வைத்தது யார்? நானா?' சென்ற மாதம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தோம்.

அஞ்சாத அன்பே! ஒளிக்காத உண்மையே! தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ்க! புத்தூர் வீட்டுத் தோட்டத்தில் மல்லி செழிக்கட்டும். வாசலில் யாராவது பழுதான வண்டியோடு வந்து நின்றால் தங்களுக்குக் கை பரபரக்கும், எங்களுக்குத் தெரியும். பார்த்துக் கொடுங்கள், ஆனால் சாப்பிட்ட பிறகு பாருங்கள்.

இம்மடலை எழுதியவரும் இப்போது வாசித்துக்கொண்டிருப்பவரும் நிரந்தரக் காவலர் ரமணா. நடுவில் எங்காவது வரி தப்பியிருந்தால் பொறுத்தருள்க. இதில் பிழை ஏதும் இருந்தால் யாரையும் தேட வேண்டாம் அக்கா, கடைசியாகக் கை வைத்தது நாங்கள்தான்.

தங்கள்,
வண்டிப் பணிமனைத் தோழர்களும் மலைக் காவலர்களும்
நாராயணவனம்