உடையாத சில்லு

கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லை ஐயா. மேலே ஒரு கோடு கிழிக்கிறோம், அடியில் லேசாகத் தட்டுகிறோம், அது தானாகப் பிரிந்துகொள்கிறது. அது புரியாமல் பலம் காட்டுகிறவர்கள்தான் கையைக் கிழித்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. கையில் ஒரு தழும்பு கிடையாது, வேண்டுமானால் பாருங்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னை அவசரக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. எதையும் யோசித்துத்தான் செய்வேன். கேஸ் குழாயைச் சோதிக்க வந்த அந்தத் தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்று பேப்பரில்கூடப் போட்டுவிட்டார்கள். அது நியாயமில்லை. அவன் ஒழுங்காகத்தான் பார்த்தான். அவன் கண்ணில் பட்டது பொய். அதைச் சொல்லத்தான் நானாகக் கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்தேன். கேஸ் வெடித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணை மூட முடியவில்லை என்பதெல்லாம் அப்புறம்.

எங்கள் தெரு இருக்கும் இடம் ஒரு காலத்தில் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம். கண்டதையும் கொட்டி அதை நிரப்பி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல வீடுகளைக் கட்டி விற்றுவிட்டார்கள். அடியில் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கதவுகள் சில மாதம் சாத்தாது, சில மாதம் திறக்காது. பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன், பஸ் ஓட்டுகிறவர், காலையில் என்னைப் பார்த்தால் எங்கள் கதவின் உடல்நலத்தைத்தான் முதலில் விசாரிப்பார். சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டோம். போன பெருமழைக்குப் பிறகு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. வீடுகளின் பின்பக்கத்து நிலம் வாய்க்காலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பித்தது. எங்கள் சமையலறைப் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு விழுந்தது.

அப்போதுதான் அந்தத் தம்பி வந்தான். சின்ன வயது, வேலையில் அக்கறை உள்ளவன். பின்சந்தில் போகிற கேஸ் குழாய் பழைய இரும்பு, அதற்கு வளையத் தெரியாது, மண் நகர்ந்தால் இணைப்பு பிடுங்கிக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினான். வெளியே வருகிற கேஸ் மண்ணுக்குள்ளேயே அலைந்து, எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே தரைக்கடியில் போய்த் தங்கிவிடுமாம். ஒரு தீப்பொறி போதுமாம். கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்காதா என்று என் மனைவி கேட்டாள்.

"அத மட்டும் நம்பாதீங்கக்கா. கேஸுக்குச் சொந்தமா வாசனை கிடையாது, நாங்க கலக்கறதுதான். இந்தக் களிமண்ணு வழியா வந்தா மண்ணே அந்த வாசனைய உறிஞ்சிக்கும். மூக்க நம்பாதீங்க, இந்தக் கண்ணாடிய நம்புங்க."

அவன் கையில் விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது. வெடிப்புக்குக் குறுக்கே அதை வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட்டால் பூசி, ஓரத்தில் பெயின்ட்டால் தேதி எழுதினான். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் சில்லு உடைந்துவிடும். உடைந்தால் உடனே கூப்பிட வேண்டும். கேஸை நிறுத்தி, வரிசை வீடுகளையெல்லாம் காலி செய்யச் சொல்லி, குழாயைத் தோண்டி மாற்றுவார்கள். மாதக் கணக்கில் ஆகலாம். குழாயின் இணைப்பு சரியாக எங்கள் சுவருக்குப் பின்னால் இருந்தது. அண்ணன் வீட்டுச் சுவரில் வெடிப்பு இல்லாததால் அங்கே சில்லு வைக்க வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் எங்கள் சில்லுதான் காவல். தெருவில் மற்ற இடங்களுக்குச் சில்லு போதாமல் அவன் தவித்தபோது, கடையில் மிச்சம் கிடந்த துண்டுகளில் நானே அறுத்துக் கொடுத்தேன். "நீங்க கண்ணாடிக்காரர்ணே, உங்க வீட்டப் பத்தி எனக்குக் கவலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் மனைவிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் நேராகப் போய் அந்தச் சில்லைப் பார்ப்பாள். குனிந்து, முகத்தைக் கிட்டத்தில் வைத்து, நிதானமாகப் பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் நான் அறுத்த எந்தக் கண்ணாடியையும் அவள் அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை. ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது, அவள் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"தனியாக் கிளம்பினா விடமாட்டாருக்கா. தெருவே கிளம்பறப்போ என்ன சொல்லித் தடுப்பாரு? உன் வீட்டுக்கு வந்துட்டேன்னா அப்புறம் திரும்ப மாட்டேன்."

நான் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அவளை நான் கை நீட்டி அடித்தது கிடையாது, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மனசுக்குப் பிடிக்காதது நடந்தால் பேசாமல் இருந்துவிடுவேன், அவ்வளவுதான். ஒரு தடவை மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. குழந்தைகள் பள்ளியில் அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்கு வரும்போது வீடு வெறிச்சென்று இருந்ததால் அதை விடச் சொன்னேன். போனை அவளிடமே வைத்திருக்கத்தான் விட்டேன், எண்களை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்வேன். இதில் ஒருத்தி ஓடிப்போகும்படி என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளுக்கு முன்னால் எழ ஆரம்பித்தேன்.

ஒருநாள் விடியும் நேரத்தில் பார்த்தபோது சில்லின் நடுவில் மயிரிழைபோல ஒரு கோடு ஓடியிருந்தது. எனக்கு அதிகம் யோசிக்கத் தேவைப்படவில்லை. அதே கண்ணாடி, அதே அகலம், அறுத்தவனே நான். பழையதைப் பெயர்த்து, புதியதை வைத்து, சிமென்ட் பூசி, அந்தத் தம்பியின் கோணல் எழுத்திலேயே தேதியை எழுதினேன். சிமென்ட் வெளுப்பாகத் தெரிந்ததால் பாத்திரத்தின் அடிக் கரியைத் தொட்டுத் தடவினேன். அவள் எழுந்து வந்து பார்த்தாள், குளிக்கப் போனாள். அன்றைக்கு எனக்கு மனசு லேசாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அது மறுபடி உடைந்தது. நானும் மறுபடி மாற்றினேன். எத்தனை முறை என்று கேட்பீர்கள், நான் எண்ணவில்லை. ஒவ்வொரு நாளும் திருடனைப்போல எழுந்து இதைச் செய்வது எனக்கே அசிங்கமாக இருந்தது. பிறகுதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. ஜன்னலில் கண்ணாடியை நாங்கள் இறுக்கிப் பொருத்த மாட்டோம். மரம் உப்பும், சுருங்கும், அதனால் சட்டத்தில் கொஞ்சம் இடம் விட்டு, பட்டி என்று பிசைந்த மாவுபோல ஒரு காயாத பசையை அப்பிப் பொருத்துவோம். கண்ணாடி உள்ளே நகர்ந்துகொள்ளும், உடையாது. அதையே இங்கேயும் செய்தேன். ஒரு முனைக்கு சிமென்ட், மறு முனைக்கு பட்டி, மேலுக்கு சிமென்ட் நிறம். சுவர் எவ்வளவு விலகினாலும் சில்லு அந்த முனையில் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர உடையாது. வேலை சுத்தமாக வந்திருந்தது.

அந்தத் தம்பி சொன்னபடி வந்து பார்த்தான். அந்த மழைக்குப் பிறகு ஊரில் பாதி இடங்களில் மண் நகர்ந்துகொண்டிருந்தது. அவர்களிடம் ஆளும் பற்றாது, கேஸ் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியும் பற்றாது. சில்லு உடைந்த தெருவுக்குத்தான் முதலில் போனார்கள். எங்கள் சில்லு முழுசாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கம் மண் அமர்ந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னான். என் மனைவியின் முகம் சுண்டிப்போனது. அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவர் அண்ணனின் மனைவி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பின்சுவரை ஒட்டி வரிசையாகச் செடி வளர்த்தார். என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர், ஆனாலும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் என் மனைவியோடு பேசாமல் இருக்கும் நாட்களில் நடுவே வந்து ஏதாவது கிண்டல் செய்து இரண்டு பேரையும் பேச வைத்துவிடுவார். அந்த மாதம் அவருடைய செடிகள் ஒவ்வொன்றாக வாடின. தண்ணீர் ஊற்றியும் பட்டுப்போயின. மண்ணில் கேஸ் நிறைந்தால் வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தனக்கும் வீட்டில் இருந்தால் தலை பாரமாக இருக்கிறது, வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது என்றார். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"தம்பி, உங்க வீட்டுச் சில்லு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணி. முழுசா இருக்கு."

"அப்ப சரி. நீங்க பாத்துக்கறீங்கன்னுதான் நான் நிம்மதியாத் தூங்கறேன்."

அந்த வாரத்திலிருந்து நான் வெளியே சாப்பாடு வாங்கிவர ஆரம்பித்தேன். மூன்று வேளையும். என் மனைவி களைத்துப்போயிருந்தாள், அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று தோன்றியது. பொட்டலங்களோடு நான் வருவதைப் பார்த்து அண்ணி தன் கணவரிடம், பெண்டாட்டியை உட்கார வைத்துச் சோறு போடுகிறார் பாருங்கள், நீங்களும் இருக்கிறீர்களே என்று இடித்தார். அண்ணன் என்னை முறைப்பதுபோல பாவனை செய்தார். எங்கள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்தே வைக்கச் சொன்னேன்.

வெடித்தபோது நான் கடையில் இருந்தேன். முன்பகல் நேரம். சத்தத்துக்கு முன்னால் கடையில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகள் எல்லாம் ஒரு தடவை நடுங்கின. நான் ஓடினேன். அண்ணன் வீட்டின் பின்பாதி இல்லை. அண்ணி மத்தியானச் சமையலுக்கு அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார். அவரை வெளியே எடுத்தபோது நான் கிட்டத்தில்தான் நின்றேன். அண்ணன் சீருடையோடு பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார். என் தோளில் முகத்தை வைத்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனைவி அந்த நேரம் எங்கள் வீட்டு முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடுச்சுவர் தாங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராக அவள் அக்கா கூட்டிக்கொண்டு போய்விட்டார். தெருவில் ஒரு ஜன்னலிலும் கண்ணாடி மிச்சமில்லை. மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய் நான்தான் புதிது போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. உங்களைப்போல ஒருத்தர் இந்தக் காலத்தில் கிடைப்பாரா என்று அவர்கள் வாய் நிறையச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஏணியில் நின்றேன். அண்ணன் வீட்டு முன்ஜன்னலுக்கும் போட்டேன். அதற்கு உள்ளே வீடு இல்லை.

போன வாரம் மனைவியைப் பார்க்கப் போனேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அடுப்பப் பத்த வைக்காதேன்னு எங்கிட்ட சொன்னீங்க. அண்ணிகிட்ட ஏன் சொல்லல?"

ஆமாம் ஐயா, அவளிடம் சொல்லியிருந்தேன். அடுப்பில் ஏதோ கோளாறு, ஆள் வந்து பார்க்கும் வரை தீக்குச்சிகூடக் கிழிக்காதே என்று சொல்லி, எங்கள் வீட்டு வால்வை நானே மூடினேன். சில்லு பட்டிக்குள் விரல் அகலம் வழுக்கியிருந்த நாளில், சோப்பு நுரையைக் குழைத்து வெடிப்பின் அடியில் தடவினேன். குமிழிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் வந்தன. துணியால் துடைத்துவிட்டேன். கேஸ் வருகிறது என்று எனக்குத் தெரியும். அது சுவருக்கு அந்தப் பக்கமும் போகும் என்று தெரியும். அண்ணி தினமும் அடுப்பு மூட்டுவார் என்று தெரியும். அதற்கப்புறம்தான் அவர் கேட்டார், நான் நல்லா இருக்கு என்றேன். அந்தத் தம்பி மீது ஒரு குற்றமும் இல்லை. அண்ணியைக் கொன்றது நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளிடமும் நான் ஒளிக்கவில்லை. "சொல்லியிருந்தா தெருவே காலியாகியிருக்கும். நீ போயிருப்பேல்ல" என்றேன். அதைக் கேட்டால் மனம் இளகி என்னோடு கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எப்படியும் அவளையும் விசாரிக்கப் போவீர்கள். போகும்போது எனக்காக ஒன்று சொல்லுங்கள். அத்தனை ஆபத்திலும் அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் நான் பார்த்துக்கொண்டேன் என்று எடுத்துச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும், அவளுக்கு இடது பக்கமாக நின்றுகொள்ளுங்கள். அன்றைக்குப் பிறகு அவளுக்கு அந்தக் காது மட்டும்தான் கேட்கிறது.