ரெண்டு பேருக்கான தளர்வு

பெல்ட் வண்டிக்கு எண்ணெய் விடக் கூடாது, ஐயா. செயின் வண்டி ஓட்டிய பழக்கத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெல்ட் வழுக்கிய பிறகு கடை வாசலில் வந்து நிற்பார்கள். நான் திட்டாமல் துடைத்துக் கொடுப்பேன்.

கள்ளக்குறிச்சியில் இந்தப் பேட்டரி பைக்குகளுக்கு பெல்ட் பார்ப்பவன் நான் ஒருவன்தான். பெல்ட் எவ்வளவு விறைப்பு என்று அழுத்திப் பார்க்கும் கேஜ், பின் சக்கரத்து ஆக்சில் நட்டைத் திருப்பும் பெரிய சாக்கெட், இரண்டும் என்னிடம்தான் உண்டு. நீங்கள் எடுத்து வந்து ஸ்டேஷன் மேஜையில் வைத்திருப்பது அவைதான். கேஜை மட்டும் வெயில் படாமல் வையுங்கள்.

வேலை பெரிய வித்தை இல்லை. ஆக்சில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் பெல்ட் இறுகும், முன்னால் விட்டால் தளரும். ஆனால் பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் அது தானாகவே இன்னும் இறுகும். அதற்கென்று கொஞ்சம் தளர்வு விட்டு வைக்க வேண்டும். அதனால் வருகிறவர்களிடம் முதலில் கேட்பேன், தனியாகவா, ரெண்டு பேரா என்று.

கலையரசனிடமும் கேட்டேன். மறுநாள் வெள்ளிமலைக்குப் போவதாகச் சொல்லி வண்டியை விட்டான்.

“தனியாத்தாங்கண்ணே. காலைல போய்ட்டு மதியத்துக்குள்ள வந்துடுவேன்” என்றான்.

அண்ணே என்றது எனக்குப் பிடிக்கவில்லை. என் மகள் ரம்யாவைக் கட்டிக்கொள்ள நினைப்பவன் என்னை அண்ணே என்றால், முறைக்கு அவள் அவனுக்கு மகளாகிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது.

ஆமாம், விஷயம் எனக்கு முன்பே தெரியும். என் மச்சான் கொளஞ்சியப்பன்தான் சொன்னான். “மாமா, உங்க பொண்ணு அந்தத் தெருப் பையனோட சுத்திக்கினு இருக்குது. நாளைக்கு மலைக்குப் போவுதுங்களாம். நீங்க இன்னா, நட்டு திருவிக்கினு குந்தியிருக்கீங்க?”

எனக்குச் சாதி பார்க்கும் பழக்கம் கிடையாது. கடைக்கு யார் வந்தாலும் ஒரே கிளாசில்தான் டீ. வீடு என்று வரும்போதுதான் நாலு பேர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவரும் எனக்கு ஒருவேளைச் சோறு போட்டதில்லை. இருந்தாலும் நாலு பேர் நாலு பேர்தானே.

தனியாக என்று அவன் சொன்னான். தனியாள் கணக்குக்கே வைத்தேன், தளர்வு விடவில்லை. ஒருவன் மட்டும் போனால் வண்டி மலை ஏறி இறங்கிவிடும், ஒன்றும் ஆகாது. செயின் என்றால் அறுவதற்கு முன் கத்தும். பெல்ட் கத்தாது. வாடிக்கையாளர் பேச்சை நம்பி வேலை செய்வது குற்றமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மலை வளைவு ஒன்றில் பெல்ட் அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கலையரசன் ரோட்டிலேயே விழுந்தான். கால் முறிந்தது, பிழைத்துக்கொண்டான். பின்னால் இருந்த ரம்யா தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தாள். அவளை மேலே கொண்டுவரும்போது உயிர் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி ஜெயசுதா ஒன்றுதான் கேட்டாள். “அந்த வண்டிய யாருங்க பாத்தது?”

“நான்தான்” என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ரெண்டு பேர் உட்கார்ந்தால் பெல்ட் தாங்காது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டீர்கள். குத்துமதிப்பாக நான் எந்த வேலையும் செய்வதில்லை, ஐயா. அவன் வண்டியை விட்ட அன்று மதியம் ரம்யா கடைக்குச் சோறு எடுத்து வந்தாள். ஓட்டுகிறவன் எடைக்கு முன் சீட்டில் ஒரு சிமெண்ட் மூட்டையைக் கிடத்தியிருந்தேன்.

“செத்த பின்னால குந்தும்மா, எடை வேணும்” என்றேன். உட்கார்ந்தாள். கேஜை வைத்துப் பார்த்துக்கொண்டே, “இது யாரு வண்டி, தெரியுமா?” என்று கேட்டேன்.

“எனக்கு எப்டிப்பா தெரியும்?” என்று சிரித்தாள்.

அவளை இறக்கிவிட்டு, சக்கரத்தை இன்னும் ஒரு நூல் பின்னால் தள்ளி நட்டை முறுக்கினேன். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தளர்த்தியிருப்பேன். பெற்றவன்தானே, ஐயா.