முப்பத்தொன்றாவது வரி

எங்கள் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் வேலை ஓடாது சார். எனக்கு ஓடும். அதனால்தான் அந்தப் பட்டியல் என்னிடம் வந்தது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கப்பல் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பும் கம்பெனி எங்களுடையது. பட்டியலில் தொள்ளாயிரம் பேர். பெயர், முகவரி, வீட்டு ஆளின் பெயர், போன் நம்பர் எல்லாம் எக்செல்லில் ஒரே கட்டத்துக்குள் கிடந்தன.

"லோகு, மொத்தத்தையும் ஒண்ணா கொட்டி வெச்சிக்கீறானுங்கோ. தனித்தனியா பிரிச்சுக் குடுப்பா, கேட் பாஸ் அடிக்கணும்" என்றார் மேனேஜர் அலி அக்பர் பாய்.

கமா உள்ள இடத்தில் பிரிக்கச் சொன்னால் கம்ப்யூட்டரே பிரித்துவிடும். ஆனால் முகவரிக்குள்ளும் கமா இருந்தால் அந்த வரி மட்டும் பக்கத்துக் கட்டங்களுக்குத் தள்ளிப் போகும். கையால்தான் சரிசெய்ய வேண்டும். அப்படி முப்பத்தேழு வரிகள். முப்பத்தொன்றாவதில் பாஸ்கல் என்று ஒருவன், திருவொற்றியூர். போன் நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் அவன் மனைவியின் பெயர் நின்றது. மகிழினி கிருஷ்ணப்பன்.

கிருஷ்ணப்பன் எங்கள் அப்பா. அவர் போனபின் மகிழினியைப் படிக்க வைத்தவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு வார்த்தை சொல்லாமல் எம்.கே.பி. நகர் வீட்டை விட்டுப் போனாள். ஜாதி, மதம் என்று எழுதிவிடாதீர்கள். அதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை நான். என்னிடம் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

மிச்சம் ஆறு வரிகளையும் முடித்து, ஃபைலை அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். குழாய் திருகும் பைப் ரெஞ்சைக்கூட கம்பெனி ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்த முகவரிக்குப் போனேன். கதவைத் திறந்தவள் முதலில் பயந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னாண்ணே இப்டி எளச்சிக்கீற? உள்ள வா."

"வாங்க மச்சான், குந்துங்க. சாப்ட்டுதான் போணும்" என்றான் பாஸ்கல். மரியாதை தெரிந்த பையன், குறை சொல்ல மாட்டேன். எனக்காக ஃபேன் போடத் திரும்பினான். பையிலிருந்த ரெஞ்சை எடுத்துப் பின்மண்டையில் மூன்று அடி. இரண்டாவதிலேயே விழுந்துவிட்டான்.

மகிழினி அவன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

"அண்ணே, வோணாம்ணே. அவர வுட்டுடு. நா உன்கூடவே வந்துர்றேன்."

அவனிடம் மூச்சு இன்னும் இருந்தது. அவளை நகரச் சொன்னேன். மூன்று முறை சொன்னேன் சார், கத்தாமல்தான் சொன்னேன். அவள் நகரவில்லை. சின்ன வயதிலிருந்தே சொன்னதைக் கேட்க மாட்டாள். முதல் அடி அவள் தோளில் பட்டது. அதற்கப்புறம் நிறுத்தினாலும் பிரயோஜனம் இல்லை. இரண்டு பேர் மூச்சும் அடங்கும்வரை அடித்தேன்.

அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து மகிழினியை வாங்க என்னை அனுப்புங்கள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?