நாற்பத்தெட்டு நாள் சைவம்

சீனர் சமையலில் வரும் கூலோயோக் மொறுமொறுவென்று வரவேண்டுமானால் இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதலில் மிதமான சூட்டில் பொரித்தெடுத்து ஆறவிட்டு, பிறகு எண்ணெயை நன்றாகக் காயவிட்டு ஒரே ஒரு நிமிடம் மறுபடியும் போட வேண்டும். அவசரக்காரர்கள் ஒரே தடவையில் முடித்துவிட்டு, புளிப்பும் இனிப்புமான அந்தச் சாஸை ஊற்றியதும் நமுத்துப் போச்சே என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது.

கிஷன் தம்பி, நேற்று உங்கள் தங்கை லோகேஸ்வரியின் துணிமணிகளை எடுத்துப் போக எங்கள் கெலுகோர் வீட்டுக்கு வந்தீர்கள். தண்ணீர் எடுக்கத்தான் குளிர்பெட்டியைத் திறந்தீர்கள், மேல்தட்டையும் பார்த்துவிட்டீர்கள்.

“அக்கா, விரதத்துக்குன்னு லோகா வாங்கி வெச்ச சைவ பாக்கெட் எல்லாம் பிரிக்காம அப்படியே இருக்கு. அப்ப குணாளன் இத்தனை நாளா என்னத்த சாப்பிட்டாரு?”

நல்ல கேள்வி. நின்ற நிலையில் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

அம்மா போனபோது என் தம்பி குணாளனுக்கு ஆறு வயது. சோறூட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது எல்லாம் நான்தான். கல்யாணம் காட்சி என்று நான் எங்கும் போகவில்லை. இதைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்கில்லை. அவனுக்குப் பெண்டாட்டியாக வந்த லோகா மேலும் எனக்குக் குறையே இல்லை. மரியாதையான பெண். ஒரு முருங்கைக்காய் நறுக்குவதென்றாலும் என்னைக் கேட்பாள். செபராங் ஜெயாவில் வீடு பார்த்ததை மட்டும் கேட்க மறந்துவிட்டாள்.

இரண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவது தடவை மூன்று மாதம் நின்றது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று குணாளன் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். பிள்ளை பிறந்ததும் புது வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.

“பாலத்தத் தாண்டினா அரை மணி நேரம்தானேக்கா. வாரா வாரம் வருவோம்லா” என்றான்.

வளர்த்தவளைப் பார்க்க வாரம் ஒருமுறை வருவானாம். பெருந்தன்மைக்காரன்.

விரதம் தொடங்கி நாலாவது நாளே சாம்பாரைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். நம் ஆட்கள் விரத காலத்தில் சீனர் சைவக் கடையை நம்பித்தானே பிழைக்கிறார்கள்? சோயாவிலும் கோதுமையிலும் கோழி, வாத்து, பன்றி எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். முருகனுக்காக நாக்கு ருசியையும் விடாமல் நரகத்துக்கும் போகாமல் இருக்க நல்ல வழி. லோகாவும் ஆசையாக ஆறு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டு, எண்ணெய் வாசம் குமட்டுகிறதென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பாசாருக்குப் போய்க் கூலோயோக்குக்கு நிஜப் பன்றியே வாங்கினேன். தோள்பட்டைக் கறி, கொழுப்பு கொஞ்சம் கலந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் தொட்டதில்லை என்பதால் குணாளனுக்கு ருசி தெரியாது. பூண்டும் வெங்காயமும் போடவில்லை, மாவில் முட்டை சேர்க்கவில்லை. விரதக்காரனுக்கு அதெல்லாம் ஆகாது. அன்னாசி, குடைமிளகாய், புளிப்புக்குக் காடி, சீனி, தக்காளி சாஸ், அவ்வளவுதான்.

“அக்கா, கடையில விக்கிறதெல்லாம் இதுக்குக் கிட்ட வராதுலா. உண்மையான கறி மாதிரியே இருக்கு” என்றான்.

பொய் பேசாத பிள்ளை. வாரத்துக்கு மூன்று நாள் செய்து போட்டேன்.

தைப்பூசத்தன்று மலைப்படியில் பாதி ஏறியதும் காவடியோடு சரிந்து விழுந்தான். வெயில், பட்டினி, தாகம் என்று நூறு காரணம் இருக்கலாம். ஆனால் அலகு குத்தியவர், “வீட்ல யாரோ சுத்தத்தக் கெடுத்துட்டாங்க” என்றார். அனுபவசாலி. நான் மறுத்துப் பேசவில்லை.

குணாளன் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“லோகா கேண்டீன்ல கோழி சாப்பிட்டா போல. புள்ளத்தாச்சி, வாய் கேட்டிருக்கும். அதப் போய்ப் பெருசு பண்ணாத தம்பி” என்றேன்.

அவள் சாப்பிட்டாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேர் முன்னிலையில் முதலில் அவளை மன்னித்தது நான்தான். அவள் இல்லவே இல்லை என்று அழுதாள். அழுகிறவளை யார் நம்புவார்கள்?

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இருபதாவது நாள் அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். குணாளன் கேட்கவில்லை. “என் புள்ள உன்னாலதான் போச்சு” என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னான். நீங்கள் வந்து அவளை உங்கள் சிம்பாங் அம்பாட் வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். எனக்கும் வருத்தம்தான். நான் கல் நெஞ்சக்காரி இல்லை.

பன்றிக்கறி தின்றால் பெண்டாட்டிக்குக் கரு கலையுமா? படித்தவர் நீங்கள், சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். இதில் என் குற்றம் எங்கே வந்தது?

கேட்டதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்பத்தெட்டு நாளும் நானும் விரதம் இருந்தேன். ஒரு வேளைச் சாப்பாடு, பாயில்லாமல் வெறும் தரையில் படுக்கை. பொரித்து முடித்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவேன். என் தம்பி என்னை விட்டுப் போகக்கூடாது, அது ஒன்றுதான் என் வேண்டுதல். இப்போது அவன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். செபராங் ஜெயா வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சுத்தமாக விரதம் இருந்தால் முருகன் கைவிடமாட்டான், தம்பி. லோகாவிடமும் சொல்லுங்கள்.