சுவிட்ச் மேல கை வைக்காதீங்க

— கம்ப்யூட்டர ஸ்டார்ட் பண்ற அந்த பயாஸைத் தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா, சூர்யகலா?

— சொன்னீங்க செயலாளர் சார். நான்தான் கேக்கல. அப்டேட் போட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சு.

— அடிப்பாவி! போன வருஷம் உங்கண்ணன் கன்னியப்பன் இதையேதான் போட்டான். மதர்போர்டு செத்துச்சு, வேற வாங்கிப் போட்டோம். உப்பளச் சங்கத்துக்கு இருக்கிறதே இந்த ஒரு மிஷின்தான்.

— எங்கண்ணனால சாகல. அதக் காட்டத்தான் போட்டேன்.

— பின்ன எதால செத்துச்சாம்?

— தெரியல. அவரு கொல்லல, அது தெரியும். மழை எப்ப வரும்னு கணக்கு போடுற மிஷின் சார் இது. ரெண்டு பிராசஸரும் சேந்து ஓடுனா லினக்ஸ் ஹேங் ஆவுது. ஒண்ண நிறுத்திட்டு ஓட்டுனா மெதுவா ஓடுது, பாத்தியில இருக்கிற உப்பெல்லாம் கரைஞ்சப்புறம்தான் 'மழை வரும்'னு சொல்லுது. அத வெச்சிக்கினு என்னா பண்றது? புது பயாஸ்ல அந்தக் கோளாறு கிடையாதாம்.

— ஐயையோ, ஸ்கிரீன் கருப்பாயிடுச்சு! ஃபேன் கத்துது பாரு! அணை, அணை!

— சுவிட்ச் மேல கை வைக்காதீங்க.

— நகரும்மா!

— நகர மாட்டேன். வேலைய விட்டுத் தூக்குங்க, எங்கண்ணன மாதிரி உப்பு சுமக்கப் போறேன். எட்டு வருஷம் இத பாத்துக்கினவரு, தெருவுல தலை குனிஞ்சு போறாரு. வயிறு எரியுது சார் எனக்கு.

— எவ்ளோ நேரம்தான் இப்பிடியே இருக்கும்?

— மொத்தம் பத்து நிமிஷம்னு மேனுவல்ல போட்டிருக்கான். ஃபேன் அலறும், ஸ்கிரீன் ஒண்ணுமே காட்டாது. நடுவுல கரண்டு போனாதான் போர்டு காலி. அதுக்குத்தான் யூபிஎஸ் இருக்குதே.

— பத்து நிமிஷமா?

— ஏன் சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? ஒக்காருங்க... பத்து நிமிஷம் ஆச்சு, இதோ வந்துடுச்சு! ரெண்டு பிராசஸரும் காட்டுது! முழு கணக்கையும் ஏத்தி விடறேன், ஓடட்டும்.

— ஒரு மணி நேரம் ஆச்சேம்மா. இன்னும் ஓடுதா?

— ஓடுது. ஒரு தடவகூட ஹேங் ஆவல. இப்ப சொல்லுங்க, போர்ட எங்கண்ணனா கொன்னாரு?

— இல்லம்மா. அன்னிக்கு அவன் அப்டேட் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருந்தான். ஸ்கிரீன் இதே மாதிரி கருப்பாச்சு, ஃபேன் இதே மாதிரி கத்துச்சு. தீப்புடிச்சிக்கப் போவுதுன்னு நான்தாம்மா ஓடிவந்து சுவிட்ச அணைச்சேன்.