குடல் துண்டுக்கு என்மேல என்ன கோவம்

...மெஷின்ல கோளாறு இல்லன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டா எப்படிங்க? அப்ப கோளாறு யாருகிட்ட, என்கிட்டயா? இருபத்திரெண்டு வருஷமா இந்த லேப்ல உதவியாளரா இருக்கேன். பையை மூடாதீங்க மெக்கானிக் சார், கொஞ்சம் உக்காருங்க.

இந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ள வெள்ளையா தொங்குதே... கினிப்பன்னியோட குடல் துண்டு. செத்துப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க. வெதுவெதுன்னு உப்புத் தண்ணி, கீழருந்து காத்து, மணிக்கணக்கா உயிரோட கெடக்கும். மூளை கெடையாது, ஆனா வேலை கச்சிதம். என் மச்சான் இதுக்கு நேரெதிர், அந்தக் கதை வேற... ஆங், இந்த பாட்டில்ல இருக்கறது அசிட்டைல்கோலின். நரம்பு நுனியில சுரக்குற சரக்கு. ஒரு சொட்டு விட்டா, சதைக்குள்ள கால்சியம் பாயும், குடல் சுருங்கும், மேல கட்டியிருக்கற நூலை இழுக்கும், மெஷின்ல கிராஃப் போடற பேனா ஜிவ்வுனு மேல ஏறும். மருந்து விட்டாத்தான் ஏறணும், இல்லன்னா கம்முனு கெடக்கணும். அதுதாங்க மரியாத.

இது என்ன பண்ணுது? தினம் ஒரு புதுத் துண்டு மாட்டறோம், எல்லாத்துக்கும் இதே குணம். பேராசிரியர் வந்தா சாது. ஆராய்ச்சி பண்ற பொண்ணு வந்தாலும் சாது. நான் கிட்டப் போனா, ஒரு சொட்டு விடாமலே துள்ளுது. அப்படி என்னங்க இளக்காரம்? அடையாளம் தெரியாம இருக்கட்டும்னு போன வாரம் வேற சட்டை போட்டுட்டு வந்தேன். கண்ணே இல்லாத ஜென்மம், கண்டுபிடிச்சுருச்சு. உனக்கு நான் என்ன கொற வெச்சேன்னு நேர்லயே கேட்டுட்டேன்.

நாலு மாசமா அந்தப் பொண்ணோட கிராஃப் எல்லாம் கோணல். மருந்து விடறதுக்கு முன்னாடியே மலை மலையா ஏறியிருக்கு. இன்னிக்கு மூணு மணிக்குள்ள காரணம் சொல்லு, இல்லன்னா ஆராய்ச்சியை மூட்டை கட்டிட்டு வீட்டுக்குப் போன்னுட்டாரு பேராசிரியர். நானும்... கேட்டாரேன்னு... பொண்ணு குழாயைச் சரியா கழுவறதில்லன்னு சொல்லி வெச்சேன். சுத்தம் முக்கியம் பாருங்க.

நீங்களே பாருங்க, இப்ப கிட்டப் போறேன். எப்பவும்போல தண்ணில சூடு சரியா இருக்கான்னு விரலை விட்டுப் பாக்கறேன், தெர்மாமீட்டரையெல்லாம் நான் நம்பறதில்ல... ஏறுது பாருங்க, ஏறுது. திமிரு.

என்ன, பேனாவை விட்டுட்டு என் விரலைப் பாக்கறீங்க? கறையா? அது மூக்குப்பொடிங்க. சிகரெட்டை விட்டதுலருந்து இதான். மணிக்கொரு தடவ ஒரு சிட்டிகை, இல்லன்னா கை ஓடாது. புகையிலைத் தூள்தான். அதுல நிக்கோட்டின் இருக்குமே... அலமாரில மூணாவது பாட்டில்கூட அதான், அதை விட்டா குடல் தாறுமாறா...

ஓஹோ.

சிகரெட்டை விட்டு எத்தன மாசமாச்சு... நாலு.

சார், ஒயர் லூசுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன். உங்களுக்கு என்ன போச்சு? ...அப்படிப் பாக்காதீங்க சார். சரி, வேணாம். நானே போய்ச் சொல்லிடறேன். பாவம், அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டேன் பாருங்க, அதுதான் மனசு கேக்க மாட்டேங்குது...

இருங்க, வயித்தப் பெசையுது. எனக்கு யாரும் ஒரு சொட்டும் விடல, இருந்தாலும்... ஓடிப்போயிடுவேன்னு நெனைக்காதீங்க, டாய்லெட் கீழ் மாடியில. இருக்கறது ஒரே படிக்கட்டு. அதுலதான் சார் அந்தப் பொண்ணு காலைலருந்து உக்காந்து அழுதுட்டிருக்கு.