முதல்ல கதவு நம்பர்

இல்ல தம்பி, அந்த நாற்காலி வேணாம், மெத்தையில ஊசி குத்தி வெச்சிருக்கேன். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. யூனிஃபார்ம் துணியை அந்தப் பக்கம் தள்ளிக்குங்க, பரவால்ல. தண்ணி குடிக்கிறீங்களா? பயப்படாதீங்க, உங்க ஆபீஸ் விடுற தண்ணிதான்.

ஆமா, இது தையக்கடை. புகார் பிரிவு இல்ல. வாசல் போர்டை நீங்க ரெண்டு தடவை படிச்சதை ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன். குடிநீர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குற அதிகாரி, வெப்சைட்ல இருக்கிற புகார் நம்பரைத் தேடி வந்தா, இங்க ஒருத்தி மிஷின் மிதிச்சுக்கிட்டு இருக்கா. முழிக்காம என்ன செய்வீங்க? நேத்து உங்க செல்லுல இருந்து கூப்பிட்டீங்களே, புகார் பிரிவாங்கன்னு கேட்டீங்க. ஆமா, முதல்ல கதவு நம்பர் சொல்லுங்கன்னேன். பாவம், நீங்களும் உங்க வீட்டுக் கதவு நம்பரைச் சொல்லிட்டீங்க. அப்புறம்தான் விலாசம் கேட்டீங்க, குடுத்தேன்.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்களேன். கட் பண்ணிட்டீங்களா? சரி.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, ஆறு வருஷம் முன்னாடி உங்க பழைய வெப்சைட்டைச் செஞ்சான் பாருங்க ஒரு கம்பெனிக்காரன், அவன் புகார் நம்பர்ல கடைசி ரெண்டு எண்ணை இடம் மாத்திப் போட்டுட்டான். அது என் நம்பர். மொத நாளே இருபத்திரெண்டு பேர். தண்ணி வரல, கலங்கி வருது, குழாய் உடைஞ்சு தெருவெல்லாம் ஓடுதுன்னு. நானும் நேரா உங்க ஆபீசுக்கு வந்து சொன்னேன். எழுதிக் குடுங்கம்மான்னாங்க. குடுத்தேன். கம்பெனிக்கு அனுப்பியிருக்கோம்னாங்க. மூணு மாசம் கழிச்சுப் போனா, போன் நம்பரைத் திருத்துறது ஒப்பந்தத்துல இல்லையாம், அதுக்குத் தனியா ஒப்புதல் வாங்கணுமாம். வெப்சைட் உங்களது, சாவி அவன் கையில. உங்க வீட்டுப் பூட்டைத் திறக்க அவன்கிட்ட மனு போட்டுக்கிட்டு நின்னீங்க.

நான் என்ன செய்யறது? போனை அணைச்சா எனக்கு வர்ற தையல் வேலையும் போகும். ராங் நம்பர், ராங் நம்பர்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. ஒரு நாள் யாரோ அழுதாங்க தம்பி. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு, வீட்டுல சொட்டுத் தண்ணி இல்லன்னு. சட்டுனு வாய்ல வந்துடுச்சு, கதவு நம்பர் சொல்லுங்கன்னு. அவ்வளவுதான், அன்னிலேர்ந்து மாட்டிக்கிட்டேன்.

பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. வால்வு திறக்கிறவர் நம்பரை எப்படியோ பிடிச்சேன். மேலிடத்துலேர்ந்து பேசறேன்னேன். பொய் இல்லையே, இது மாடிதானே? ஆறு வருஷமா அவர் என்னை மேடம்னுதான் கூப்பிடுறார். போன வருஷம் பொண்ணு துணியைத் தைக்கக் குடுக்க இங்கயே வந்தார். இடுப்பு அளவு என்னன்னு நான் வாயைத் திறந்தேனோ இல்லையோ, மனுஷன் விறைச்சுக்கிட்டு எழுந்து நின்னுட்டார்.

மறுபடியும் அடிக்குதே. வீட்டுலயா? தெரியாத நம்பரா? தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டீங்களா? நல்ல பழக்கம். உங்க ஆபீஸ்ல எல்லாருக்குமே அது உண்டு.

உங்க வெப்சைட் லாகின் எனக்கு எப்படிக் கிடைச்சுதா? அடப் பாவமே, நீங்கதானே குடுத்தீங்க. கம்பெனிக்காரனை விரட்டிட்டு இந்தப் புது மென்பொருளுக்கு மாறினீங்கல்ல, அப்போ உங்க ஆபீஸ்லேர்ந்தே ஒரு போன் வந்துச்சு. புகார் பிரிவாங்க? ஆமாங்க. ரெண்டு நாள் பயிற்சி, உங்க பிரிவுலேர்ந்து ஒருத்தரை அனுப்புங்க. நானே வர்றேன்னேன். வேற யாரை அனுப்ப? வாசல்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. புகார் பிரிவுன்னு அச்சடிச்ச அட்டையைக் கழுத்துல மாட்டி, நோட்டு, பேனா, லாகின் எல்லாம் குடுத்து, முன் வரிசையில உக்கார வெச்சாங்க. சான்றிதழ் கூட இருக்கு, அதோ கத்தரிக்கோல் ஆணிக்கு மேல.

பாடம் எடுத்த அந்தப் பொண்ணு நல்லாச் சொல்லிக் குடுத்தா. இந்த மென்பொருள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல, ஊர் உலகத்துல இருக்கிறவங்க சேர்ந்து செஞ்சது, யாரு வேணாலும் உள்ள பிரிச்சுப் பாக்கலாம், கோளாறு தெரிஞ்சா சரி பண்ணலாம்னா. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தச்சதைப் பிரிச்சுத் திருப்பித் தைக்கிறதுதானே என் பொழப்பே. அப்போ நீங்க பின்னாடி ஓரத்துல நின்னு ஒயரைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. என்னை நீங்க பாக்கல.

நீங்க சொல்றது புரியுது தம்பி. மென்பொருள் எல்லாருக்கும் பொதுன்னா, உங்க வெப்சைட்டும் பொதுன்னு ஆயிடாது. தெரியும். அன்னிக்கே அந்தப் பொண்ணும் சொன்னா. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

சத்தியமா சொல்றேன், நீங்க மொத வேலையா நம்பரைச் சரி பண்ணினப்போ நான் ஒண்ணும் செய்யல. விட்டுது சனின்னுதான் இருந்தேன். பத்து நாள் போன் ஊமையாக் கெடந்துச்சு. நிம்மதியா இருந்துச்சான்னா, மொத ரெண்டு நாள் இருந்துச்சு. அப்புறம் கடைத்தெருவுல ஒரு டீச்சர் என் குரலைக் கேட்டுட்டு ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்க போனீங்கன்னு கேட்டாங்க. மூணு நாளாத் தண்ணி இல்லையாம். மாமியார் படுத்த படுக்கை. நாப்பது தடவை உங்க ஆபீசுக்குப் போட்டிருக்காங்க, எடுக்க ஆளில்ல. ஒவ்வொரு குடமா மூணு மாடி தூக்கியிருக்காங்க. நேரா உங்க ஆபீசுக்கு வந்தேன். புகார் பிரிவு எங்கன்னு கேட்டேன். ஒரு மேசையைக் காட்டினாங்க. அங்க இருந்தவர் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாம். போன் டிராயருக்குள்ள அடிக்குது. மேல யாரோ ஃபைலை அடுக்கி வெச்சிருக்காங்க.

வீட்டுக்கு வந்து எம் பொண்ணோட பழைய லேப்டாப்பைத் திறந்தேன். அஞ்சு நிமிஷ வேலை, வெப்சைட்ல மறுபடி என் நம்பர். நல்ல மென்பொருள் தம்பி, அதைச் சொல்லியே ஆகணும்.

அப்புறம் நீங்க மாத்தினீங்க, நான் மாத்தினேன். யாரு எப்ப திருத்தினாங்கன்னு அதுல பதிவாகும்ல, பாத்திருப்பீங்க. புகார் பிரிவு, புகார் பிரிவுன்னு. ஆளே இல்லாத பிரிவு இப்படி உழைக்குதேன்னு உங்களுக்குப் பேயடிச்ச மாதிரி இருந்திருக்கும். எத்தனை தடவை? பத்தொம்பதா? இருபது இருக்கணுமே. சரி, அப்புறம் எண்ணிக்கலாம்.

இதோ மூணாவது தடவை. சைலண்ட்ல போடாதீங்க தம்பி, சொன்னாக் கேளுங்க.

லாகினை எடுத்துடுவீங்கன்னு தெரியும். அந்தப் பையில கடுதாசி கூட வெச்சிருப்பீங்க. குடுங்க, கையெழுத்துப் போடறேன். எப்படியும் நான் புதன்கிழமை கெளம்பறேன். எம் பொண்ணுக்கு இது மாசம், கடல் தாண்டி இருக்கா, மூணு மாசமாவது அங்க இருக்கணும். இந்த நம்பர் அங்க எடுக்காது. பேரப்பிள்ளை வர்ற சந்தோஷத்துல கூட ராத்திரி தூக்கமில்ல எனக்கு. அந்த டீச்சர் கூப்பிட்டா யாரு எடுப்பாங்க? டிராயரா?

அதான் யோசிச்சேன். உங்க ஆபீஸ்ல இந்த நம்பருக்கு யாரு பொறுப்புன்னு கவலைப்பட்டு, வெயில்ல ரெண்டு பஸ் மாறி ஒரு தையக்காரி கடை வரைக்கும் வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்.

இருபதாவது திருத்தம் இன்னிக்குக் காலையில பண்ணினேன். அதுல என் நம்பர் இல்ல. நேத்து நீங்க எந்த செல்லுல இருந்து கூப்பிட்டீங்களோ, அந்த நம்பர்.

முறைக்காதீங்க. மாத்திக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை, உங்களுக்குத் தெரியாததா? ஆனா அதுவரைக்கும் அடிக்குமே. இதோ, மறுபடி அடிக்குது. எடுங்க. கொஞ்ச நேரம் திட்டுவாங்க, திட்டட்டும், குறுக்க பேசாதீங்க. மூச்சு வாங்க நிறுத்துவாங்க பாருங்க, அப்போ கேளுங்க, முதல்ல கதவு நம்பர். இந்தாங்க பென்சில்.